கச்சிதமாக உட்கார்ந்தால் போதுமா?

"பாக்ஸ்ல கச்சிதமா உட்காருதுண்ணே, அப்புறம் என்ன?"

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் ஒயரிங் வேலைக்கு வந்த ஒரு பையன் இப்படிக் கேட்டான். பழைய டிபி பாக்ஸில், போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் துண்டிக்கிற ஆர்சிசிபி ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தான். இன்வெர்ட்டர் லைனில் ஒரு விளக்கைப் போட்டாலும் அது விழுந்துவிடும். 30 மில்லிஆம்பியரைக் கழற்றிவிட்டு 100 மில்லி போடப்போவதாகச் சொன்னான். எனக்கு உடம்பே பதறிவிட்டது. 100 மில்லி, தீப்பிடிக்காமல் இருக்க வைக்கிற காவல். ஆள் உயிருக்கு 30தான்.

35 மில்லிமீட்டர் ரெயிலில் எந்தக் கம்பெனி பிரேக்கரும் உட்காரும். வரிசையில் ஒன்றை எடுத்துவிட்டு வேறு கம்பெனி எம்சிபியைச் செருகினால், டெர்மினல் உயரம் மாறி, பஸ்பார் பல் அரைகுறையாகக் கடிக்கும். அந்த இடம் சூடேறிக் கருகும். அதையாவது மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். நியூட்ரல் தப்பு அப்படி வாசனை காட்டாது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த மேஸ்திரி ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் இழுக்கவைப்பார், ஒவ்வொன்றுக்கும் எண் கட்டவைப்பார். ஃபியூஸ் கேரியர் காலம் அது. எல்லா நியூட்ரலையும் ஒரே முடிச்சாக முறுக்கினாலும் விளக்கு எரியும். வீணாகக் கறுப்பு ஒயர் போகிறதே என்று மனதுக்குள் அவரைத் திட்டியிருக்கிறேன். ஒருநாள் ரெண்டு நியூட்ரலைச் சேர்த்து முறுக்கிவிட்டேன். பூச்சு முடிந்த சுவர் என்றும் பார்க்காமல் மொத்த ஒயரையும் உருவவைத்தார். "பேஸுக்கு எல்லாரும் பயப்படுவான். நியூட்ரலுக்குப் பயப்படுறவன்தான்டா வொயர்மேன்" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் நடந்தது அதேதான். இன்வெர்ட்டர் வைத்தவர் பேஸை ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்துவிட்டு, நியூட்ரலை ஆர்சிசிபிக்குப் பின்னாலுள்ள பழைய நியூட்ரல் லிங்கிலேயே விட்டுவிட்டார். கணக்கில் போகாத கரண்ட் கணக்கில் திரும்பி வருகிறது. 9 வாட் எல்இடி பல்பு ஒன்றே கிட்டத்தட்ட 40 மில்லி இழுக்கும். 30 மில்லி எப்படி நிற்கும்? மூன்று பல்பு போட்டால் அவன் சொன்ன 100 மில்லியும் விழும்.

லிங்கிலிருந்து நியூட்ரல் அத்தனையும் கழற்றி, ஒவ்வொன்றாக மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஹால் நியூட்ரலும் பூஜை அறை நியூட்ரலும் ஒரு சுவிட்ச் பாக்ஸுக்குள் முறுக்கிக் கிடந்தன. பிரித்தேன். இன்வெர்ட்டர் நியூட்ரல்களைத் தனி லிங்கில் கட்டி, அந்த லைனுக்குத் தனியாக ஒரு 30 மில்லி போட்டேன். விழுந்துகொண்டிருந்த அதே ஆர்சிசிபி அசையாமல் நின்றது. வீட்டுக்காரர், "ஒரு சுவிட்ச் மாட்ட ஒரு நாளா?" என்று கூலியைக் குறைத்தார்.

பாயிண்டுக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் பேசுகிற காலம் இது. பக்கத்து பாக்ஸில் கிடைக்கிற நியூட்ரலை இழுத்துக்கொண்டால் ஒயரும் மிச்சம், நேரமும் மிச்சம். இன்சுலேஷனைச் சோதிக்கிற மெக்கரைக் கையால் தொட்டவனே குறைவு. ஆர்சிசிபியை மாட்டிவிட்டு டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறவன் அதைவிடக் குறைவு. அப்புறம் அது விழுந்தால் கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைத்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட வீடுகளிலும் குழந்தைகள் ஈரக் கையோடுதான் சுவிட்சைத் தொடுகிறார்கள்.

கிளம்புமுன் பையனை நியூட்ரல்களுக்கு எண் கட்டச் சொன்னேன். ஆறு கட்டிவிட்டு, "மிச்சத்துக்கும் கட்டணுமாண்ணே?" என்றான்.

கடைசி எண் கட்டி முடியும்வரை நான் அந்த வாசலை விட்டு நகரவில்லை.