ஓடும் ஆறும் ஓடும் மின்விசிறியும்



திருவண்ணாமலையில் நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவில், சென்ற கோடையில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் ஒளுவின் ஒழுங்குகளைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தோம். ஓடும் ஆற்றின் கரையில் அமர்ந்து ஒளுச் செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் ஸஅத் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தியை விளக்கினோம். பத்து வயது மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஹஜ்ரத், மாடியில யாருமே இல்ல. ஆறு ஃபேனும் சும்மா சுத்துது. அது வீண்விரயம் இல்லையா?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காலை வகுப்பு முடிந்து பூட்டும்போதும், மாலை வகுப்புக்கு முன்பும் அந்த மின்விசிறிகள் ஆளின்றிச் சுழல்வதை நாமும் பலமுறை பார்த்திருக்கிறோம். பார்த்தும் படியேறிச் சென்று அணைத்ததில்லை.

அன்றிரவு தாளெடுத்துக் கணக்கிட்டோம். பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் எடுக்கும். ஆறும் சேர்ந்தால் 450 வாட். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வீணாகச் சுழன்றால் 0.9 யூனிட், இரண்டு மாதங்களுக்கு 54 யூனிட். தமிழக அரசு 2016ஆம் ஆண்டு வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கிடைக்கும் அந்த உதவியில் பாதிக்கும் மேலானதை நாம் வெற்றுக் கூடத்தில் செலவழித்திருக்கிறோம்.

மின்சாரத்தின் அருமை அறியாதவர்களா நாம்? 2012ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவிய காலம் அது. கோவையிலும் திருப்பூரிலும் சிறுதொழில்கள் முடங்கின. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் இலட்சக்கணக்கானோர் கூடும் நம் ஊரின் தெருக்களும் இருளில் கிடந்தன. மத்ரஸாவில் அம்ம ஜுஸ்வு ஓதும் சிறுவர்களுக்கு எழுத்துத் தெரியவில்லை. அருகிலிருந்த பூக்கடைக்காரர் தம் அரிக்கேன் விளக்கைக் கொண்டுவந்து தந்தார். அந்த ஒரு விளக்கைச் சுற்றிப் பிள்ளைகள் அமர்ந்தனர். எண்ணெயை அளந்து ஊற்றினோம். பாடம் முடிந்த மறுகணம் திரியை இறக்கினோம். எண்ணெய் குறைவது கண்ணுக்குத் தெரிந்ததால் சிக்கனம் தானாக வந்தது. சுவருக்குள் ஓடும் மின்சாரம் குறைவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் அதுவும் எங்கோ எரிந்துதான் வருகிறது. ஒடிசாவிலிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வரும் நிலக்கரி, நெய்வேலியில் தோண்டப்படும் பழுப்பு நிலக்கரி, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று, கமுதியின் வெயில் ஆகிய அனைத்தும் சேர்ந்தே நம் வீட்டு விளக்கு எரிகிறது. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் நம் மாநிலம் இந்தியாவிலேயே முதலிடத்தில் உள்ளது. நம் மாவட்டத்தின் செய்யாறு சிப்காட்டில் காலணி தைக்கும் பெண்களின் பிழைப்பும் இதே மின்சாரத்தை நம்பியுள்ளது. 2024 மே 2ஆம் நாள் தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அத்தகைய கோடை நாளில் நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டும் அந்தச் சுமையின் ஒரு பகுதியே.

இனிச் சொல்வது நமக்கு வெட்கமானது. அந்த மாணவன் கேள்வி கேட்ட நாளில், நம் பையில் நிரப்பப்பட்ட விண்ணப்பம் ஒன்று இருந்தது. கோடையில் நம் வீட்டுப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டியது. அந்த எல்லையைக் கடந்தால் கீழ்ப்படிகளுக்கான சலுகையும் குறைந்து, கட்டணம் வெகுவாக ஏறிவிடும். உறவினர் ஒருவர் வழி சொன்னார்: "மாடி ரூம்ல ஒரு அடுப்ப வெச்சிக் காட்டுங்க மச்சான். தனிக் குடும்பம்னு இன்னொரு மீட்டர் வாங்கிடலாம். ரெண்டு நூறு யூனிட் ஃப்ரீ." ஊரில் பலரும் செய்வதுதானே என்று நாமும் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டோம்.

இலவசம் என்றால் விலையில்லாதது என்று பொருளன்று. அந்த 100 யூனிட்டுக்கான தொகையை அரசு மானியமாக மின்வாரியத்துக்குச் செலுத்துகிறது. அது மக்கள் கட்டிய வரி, பைத்துல்மால் போன்றது. கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசாங்க எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்த வரலாற்றை நாம் ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம். இல்லாத குடும்பத்தின் பெயரால் அந்த எண்ணெயை வாங்க நாமே விண்ணப்பித்திருந்தோம்! பொய் சொல்லி எடுக்கும் யூனிட்டின் வெளிச்சத்தில் குர்ஆனை ஓதினால் அதில் பரகத் எப்படி இருக்கும்? விண்ணப்பத்தைக் கிழித்தெறிந்தோம்.

கட்டணத்தைக் குறைக்க நேர்வழியும் இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் வழியே வந்த எரிசக்தித் திறன் வாரியம், 2006 முதல் மின்கருவிகளுக்கு நட்சத்திரக் குறியீடு வழங்குகிறது. 2023 முதல் கூரை மின்விசிறிகளுக்கும் அது கட்டாயம். நட்சத்திரம் கூடக் கூட மின்செலவு குறைவு. பி.எல்.டி.சி. வகை மின்விசிறி சுமார் 30 வாட்டில் ஓடும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் சுழன்றால், இரண்டு மாதங்களில் பழையது 54 யூனிட் எடுக்கும். இது 22 யூனிட்டுக்கும் குறைவு. 60 வாட் குண்டு பல்பு தரும் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடும்.

நம் வீட்டில் இரண்டு மின்விசிறிகளை மாற்றினோம். பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் கிழிந்து குளிர் கசிந்துகொண்டிருந்தது, அதையும் மாற்றினோம். அடுத்த கணக்கில் 500க்குள் வந்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ். மத்ரஸாவின் ஆறையும் ஒரே நேரத்தில் மாற்ற வசதியில்லை. நிர்வாகத்தார் இதுவரை இரண்டை மாற்றியிருக்கிறார்கள். மீதி நான்கையும் காப்பது அந்த மாணவன்தான். வகுப்பு முடிந்ததும் மாடியேறி, சுவிட்சுகளை அணைத்துவிட்டு வந்து ஸலாம் சொல்கிறான்.

உறங்கும் முன் விளக்கை அணைக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம். ஜமாஅத் முடிந்து பள்ளிவாசலிலிருந்து கடைசியாக வெளியேறுபவர் ஒரு கணம் நின்று மேலே பார்க்கட்டும். தம் வீட்டில் ஆளில்லாமல் எது ஓடுகிறது என்று இன்றிரவே ஒவ்வொருவரும் பாருங்கள்.

வீண்விரயத்திலிருந்தும், பிறர் உரிமையை அறிந்தும் அறியாமலும் எடுப்பதிலிருந்தும் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக. ஆமீன்.