எத்தனை வருடம் அப்டேட் வரும்?

ரவுட்டர் வாங்கக் கடைக்குப் போனால் ஆன்டெனாவைப் பற்றித்தான் பேச்சு. நாலு ஆன்டெனாவா, ஆறா? மாடிவரை சிக்னல் எட்டுமா? வேகம் எவ்வளவு? ஃபயர்வால் எப்படி என்று கேட்டால், "எல்லாத்துலயும் இருக்கு சார்" என்பார்கள். அது பொய்யல்ல. ஆனால் வீட்டுக்கென்று நல்ல ஃபயர்வால் ரவுட்டர் தேடிய நாட்களில், அந்தப் பதில் போதாது என்பது எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

சாதாரண ரவுட்டரும் ஓர் அடிப்படைக் காவலைச் செய்கிறது. உள்ளேயிருந்து கைபேசியோ கணினியோ வெளியே எதையாவது கேட்டால், யார் யாரிடம் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ளும். அதற்கான பதில் வந்தால் உள்ளே விடும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும். வீட்டுக் கருவிகள் எல்லாம் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை வைத்துக்கொண்டு ஒரே பொது முகவரியில் வெளியே போவதால் ஒரு மறைப்பும் கிடைக்கிறது. ஐபிவி6 இணைப்பில் இந்த மறைப்பு இல்லை. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி உண்டு. ஃபயர்வால் விதிகள்தான் காவல். அதனால் ஐபிவி6க்கும் ஃபயர்வால் தானாக இயங்குமா என்பதை முதலில் பார்த்தேன்.

இரண்டாவதாகப் பார்த்தது அப்டேட்டை. அதற்குக் காரணம், 2016இல் பரவிய மிராய் போன்ற நச்சுநிரல்கள். இணையத்தில் இருந்த கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப்போய், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தது மிராய். அதனிடம் இருந்தது அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள்தான். அவை போதுமாக இருந்தன. அப்படிப் பிடித்த கருவிகளைக் கொண்டு அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று தளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைச் சொல்லும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் அமெரிக்காவில் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு நச்சுநிரல் வந்தது. குறைந்தது 54 நாடுகளில் 5 லட்சம் ரவுட்டர்களும் சேமிப்புக் கருவிகளும் அதன் பிடியில் இருந்தன. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. வீட்டுக்காரர்களைக் கேட்டுக்கொண்டது.

இந்தச் செய்திகளில் என்னை உறுத்துவது, அந்த வீட்டுக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியாது என்பதுதான். அவர்கள் வீட்டில் படம் ஓடியது, பாட்டு ஓடியது. அடிபட்டவர்கள் வேறு யாரோ. ஒரு வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் மூடாமல் கிடக்கும் தண்ணீரில் பிறக்கும் கொசு தெருவையே கடிக்கிறது இல்லையா, அதுபோலத்தான். நம் ரவுட்டரைப் பார்த்துக்கொள்வது நம் பணத்தையும் படங்களையும் காப்பதோடு முடிவதில்லை. முகம் தெரியாதவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையும் அதில் இருக்கிறது.

அதனால் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யார் இருக்கிறார்கள், எத்தனை வருடம் இருப்பார்கள் என்பதே என் முதன்மையான அளவுகோல் ஆயிற்று. இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள சின்னக் கணினி ஒன்றில் ஓபிஎன்சென்ஸ் போட்டுக்கொள்ளும் வழியைத் தீவிரமாக யோசித்தேன். 2015இல் பிஎஃப்சென்ஸிலிருந்து பிரிந்து வளர்ந்த இலவச ஃபயர்வால் அது. விதிகளை நுணுக்கமாக எழுதலாம், அப்டேட்டும் தவறாமல் வரும். ஆனால் நான் ஊரில் இல்லாதபோது இணைப்பு நின்றால், வீட்டில் வேறு யாரும் அதைத் தொட முடியாது. கடைசியில், எந்த ஆண்டுவரை அப்டேட் தருவோம் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொன்ன சாதாரண ரவுட்டர் ஒன்றையே எடுத்தேன். ஓபன்டபிள்யூஆர்டி அதில் ஓடும் என்பது கூடுதல் நிம்மதி. 2004இல் லிங்க்சிஸ் ரவுட்டர் ஒன்றுக்காகத் தொடங்கிய அந்தத் திறந்தமூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் இன்றும் பராமரிக்கிறார்கள். தயாரிப்பாளர் கைவிட்டாலும் கருவி அனாதையாகாது.

பெட்டியைப் பிரித்ததும் செய்த வேலைகளை எந்த வீட்டிலும் அரைமணி நேரத்தில் செய்துவிடலாம். நிர்வாகப் பாஸ்வேர்டை மாற்றினேன். வெளியிலிருந்து ரவுட்டருக்குள் நுழையும் வசதியை நிறுத்தினேன். கருவிகள் கேட்டதும் போர்ட்டைத் திறந்துவிடும் யுபிஎன்பியையும் பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்தேன். அப்டேட் தானாக இறங்கும்படி வைத்தேன். டிவியையும் கேமராவையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் தள்ளினேன்; அவற்றில் ஒன்று கெட்டாலும் கணினியை எட்ட முடியாது. ஃபைபர்காரர் தந்த பெட்டியை பிரிட்ஜ் மோடில் போடச் சொன்னேன். காவல் முழுவதும் புது ரவுட்டரின் பொறுப்பில் வந்தது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது. எல்லாக் கருவிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்கக் கூடாது. பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்பதை வாங்குபவருக்குச் சொல்லவேண்டும். நம் ஊரில் அதைக் கேட்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மருந்து வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. அதே பழக்கத்தோடு விலைக்கு முன்னால் அப்டேட்டைக் கேட்போம். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கடைக்காரரே சொல்லத் தொடங்குவார். சொல்ல முடியாத பெட்டிகளை வாங்கி அடுக்க அவரும் யோசிப்பார்.