சிவப்பு எரிந்தால் நல்லதா, கெட்டதா?

திருப்பரங்குன்றம் ரயில் நிலையத்தில் சிவப்பு சிக்னல் விழுந்தால் வண்டி நிற்கும். தாம்பரத்திலும் அப்படித்தான். என்ஜின் டிரைவர் ஊருக்கு ஊர் புது அர்த்தம் படிக்க வேண்டியதில்லை.

உள்ளங்கை அளவே உள்ள ஒற்றை போர்டு கம்ப்யூட்டர்களில் கதையே வேறு!

2014-ல் வந்த ராஸ்பெர்ரி பை 'பி பிளஸ்' போர்டை எடுத்துக்கொள்வோம். சிவப்பு எல்.இ.டி. நிலையாக எரிந்தால் மின்சாரம் சரியாக வருகிறது என்று பொருள். மின்னழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அது அணைந்துவிடும். அதாவது சிவப்பு இருந்தால் நலம், இல்லாவிட்டால்தான் ஆபத்து! பச்சை விளக்கு, மெமரி கார்டில் வேலை நடக்கும்போது மினுக்கும். 2023-ல் வந்த ராஸ்பெர்ரி பை 5-ல் இரண்டும் ஒரே விளக்காகிவிட்டன. இயங்கும்போது பச்சை, ஷட்டவுன் ஆனபின் சிவப்பு. கம்பெனி ஒன்றுதான், சிவப்பின் அர்த்தம்தான் தலைகீழ்.

2013-ல் வந்த பீகிள்போன் பிளாக்கில் நான்கு நீல விளக்குகள். ஒன்று இதயத் துடிப்பு போல மினுக்கும், மற்றவை மெமரி கார்டு, பிராசஸர், உள் சேமிப்பு ஆகியவற்றின் வேலையைக் காட்டும். எல்லாம் ஒரே நிறம், எது எதுவென்று கையேட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏன் இந்தக் குழப்பம்? இந்த விளக்குகளில் பலவற்றுக்குச் சொந்தமாக அர்த்தம் கிடையாது. 2006-ல் லினக்ஸில் எல்.இ.டி.களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. அதில் 'டிரிக்கர்' என்று ஒன்று உண்டு. எப்போது எரிய வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஒரு வரியை மாற்றினால், கார்டைக் காட்டிய பச்சை விளக்கு 'ஹார்ட்பீட்' ஆகிவிடும். 2019-ல் லினக்ஸ் 5.4 விளக்குகளின் பெயரில் வரும் நிறம், பணி ஆகியவற்றுக்குப் பொதுப் பட்டியல் தந்தது. பெயர் ஒழுங்கானது. ஆனால் எந்த விளக்கு எதைக் காட்ட வேண்டும் என்பது இன்னும் போர்டு செய்பவர் கையிலும் மென்பொருள் தருபவர் கையிலும்தான்.

சின்ன விளக்குக்கா இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். மானிட்டர் இல்லாமல் கடை மூலையில் ஓடும் போர்டுக்கு அந்த விளக்குதான் வாய். கார்டில் எழுதிக்கொண்டிருப்பதை வெறும் துடிப்பு என்று நினைத்து ஒருவர் பிளக்கைப் பிடுங்கினால், மொத்தக் கோப்புகளும் கெட்டுப்போகலாம்.

கணக்குப் பதிவியலில் பற்று இடது பக்கம், வரவு வலது பக்கம். யார் எழுதிய பேரேட்டையும் யாரும் படிக்க முடிவது அதனால்தான். உலகம் ஒத்துப்போகும் வரை, ஒரு லேபில் உள்ள போர்டுகளுக்காவது ஒரே டிரிக்கரை வைத்து, அர்த்தத்தைப் பெட்டி மேல் எழுதி ஒட்டலாமே! செலவு ஒரு ஸ்டிக்கர்தான்.