வெறும் வீட்டுக்கும் பூட்டு

புதிதாய் வீடு கட்டியவர், தளபாடங்கள் வந்து சேர்ந்த பின்னரே கதவுக்குப் பூட்டுப் போடுவோம் என்று காத்திருப்பதில்லை. ஆயினும், கணினி விடயத்தில் கற்றறிந்தோரும் அவ்வாறு காத்திருப்பதை நான் கண்டிருக்கின்றேன்.

பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் தரவுத்தளம் நிறுவிக் கொடுப்பது என் தொழில். பெயர், பிறந்த திகதி, விலாசம், பரீட்சைப் புள்ளி முதலியவற்றை ஒழுங்காய்ச் சேமித்து, கேட்டபோது எடுத்துத் தரும் களஞ்சியமே தரவுத்தளம். மை எஸ்.கியூ.எல். என்ற தரவுத்தளத்தை நிறுவியதும் ‘ரூட்’ எனும் நிர்வாகிக் கணக்கொன்று தானே தோன்றும். ரூட் என்றால் வேர். அதனைக் கைப்பற்றியவன் எதனையும் படிக்கலாம், திருத்தலாம், அடியோடு அழிக்கவும் செய்யலாம்.

அண்மையில் ஒரு பாடசாலையில் இவ்வேலை நடந்தபோது, உதவிக்கு நின்ற மாணவன், “ஐயா, உள்ளே இன்னும் ஒன்றுமில்லையே! கடவுச்சொல்லைப் பிறகு வைத்தாற் போதாதா?” என்று வினவினான்.

“தம்பி, வெறும் வீட்டுக்குள் இன்று புகுந்தவன் தனக்கொரு கள்ளக் கணக்கை ஏற்படுத்திக்கொண்டு போய்விடுவான். நாளை நீ எத்தனை பெரிய பூட்டுப் போட்டாலும் அவன் கையிலே வேறு திறப்பு இருக்கும்” என்றேன்.

இது வெறும் அச்சமன்று. 2002 மே மாதத்தில் ‘ஸ்பைடா’ எனும் கணினிப் புழு, மைக்ரோசொப்ட் எஸ்.கியூ.எல். சேவரில் கடவுச்சொல் இல்லாதிருந்த நிர்வாகிக் கணக்குகளைத் தேடித்தேடிப் புகுந்தது. 2017 சனவரியில், காவலின்றித் திறந்து கிடந்த பல்லாயிரம் மொங்கோ டி.பி. தரவுத்தளங்களை அழித்துவிட்டு மீட்புப் பணம் கேட்டனர்.

மென்பொருள் ஆக்குவோரும் இதனை உணர்ந்தனர். முன்னாளில் மை எஸ்.கியூ.எல். ரூட் கணக்கு வெற்றுக் கடவுச்சொல்லுடனேயே பிறந்தது. 2015 இல் வந்த 5.7 ஆம் பதிப்பு முதல், வழக்கமான நிறுவலின்போது தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை அதுவே உண்டாக்கிப் பதிவுக் கோப்பில் எழுதிவைக்கின்றது. அதனைக் கொண்டு உட்புகுந்தாலும், புதியதொன்றை நாம் வைக்கும்வரை வேறு வேலை எதனையும் செய்யவிடாது.

புதியது எதுவாக இருக்கலாம்? பாடசாலையின் பெயரையும் ஆண்டையும் சேர்க்கலாம் என்றான் மாணவன். ஊரறிந்த சொல் காவலாகாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாய் வைத்தோம். குறிகளின் சிக்கலைவிட நீளமே வலிமை தரும் என்பது அமெரிக்க நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 2017 இல் வெளியிட்ட வழிகாட்டலின் கருத்துமாகும். புள்ளிகளைப் பதியும் லிகிதருக்கு அதிகாரம் குறைந்த வேறொரு கணக்கைக் கொடுத்தோம். ரூட் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, அதிபரின் இரும்புப்பெட்டியில் வைத்தோம். நான் இல்லாத நாளிலும் பாடசாலை நடக்கவேண்டுமல்லவா?

மறுநாள் முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள் பதியப்பட்டன. எந்தக் கணினியில் தம் பெயரும் விலாசமும் இருக்கின்றன என்பதை அச்சிறார் அறியார். அறியாதார் நம்மிடம் ஒப்படைத்த பொருளுக்கே காவல் மிகுதியாக வேண்டும்.