தொட்டியா, நீரூற்றா?

தோட்டத்தில் தண்ணீர் வைக்கலாம் என்று வீட்டில் முடிவானதும் ஆளுக்கொரு படம் காட்டினார்கள். புத்தர் சிலையருகே நீர் வழியும் ஃபைபர் நீரூற்றுக்குத்தான் ஓட்டு அதிகம். நான் கல்தொட்டிக் கட்சி.

நீரூற்று அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் போர் தண்ணீர் உப்பு. தெறித்துக் காய்கிற இடமெல்லாம் வெள்ளை படியும், பம்பும் அடைத்துக்கொள்ளும். பம்பு நின்றால் அது வெறும் தேங்கிய தண்ணீர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

தொட்டியில் அந்தக் கவலையைக் கப்பி மீன்கள் பார்த்துக்கொள்ளும். கொசுப்புழு என்றால் விடாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒருநாள் திறந்து வைத்துவிட்டு மீன் விடுங்கள். அல்லி வைக்க ஆசையா? தினம் 5, 6 மணி நேரம் நேர்வெயில் வேண்டும். நிழலில் இலைதான் வரும், பூ வராது. கிழங்கைக் களிமண்ணில் நட்டு மேலே மணல் பரப்பினால் தண்ணீர் கலங்காது. ஆகாயத்தாமரையை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். (நம் ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.)

தவழும் குழந்தை இருக்கிற வீடென்றால் உறுதியான கம்பிவலை போட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

கல்தொட்டி கிடைக்காதவர்கள் சிமெண்ட் தொட்டி வாங்கலாம். புதுச் சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும். சில வாரம் தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டிய பிறகே மீனை விடுங்கள்.