விதியன்று, சட்டவிதி!

மேற்கே முகில் தழுவும் மலை. அதன் மடியில் நெல்லும் திராட்சையும் கொழிக்கும் கம்பம் பள்ளத்தாக்கு. இந்த வளம் வந்த வரலாற்றை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தோம். 1886இல் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் செய்தன. ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய். 1895இல், பென்னிகுயிக்கின் பெருமுயற்சியால் முல்லைப்பெரியாறு அணை நிமிர்ந்தது. மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. பெருமிதத்தோடு பாடத்தை முடித்தோம்.

பின்வரிசையில் பளியர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அப்போது மலையில் இருந்தவர்களைக் கேட்டார்களா?"

நமக்கு நா எழவில்லை. கையொப்பமிட்டவை இரண்டு அரசுகள் மட்டுமே! 999 ஆண்டுகளை எட்டிப் பார்த்த சட்டத்தின் கண்ணுக்கு, அதே காட்டில் வாழ்ந்த மனிதன் தெரியவில்லை.

அது அவர்கள் தலைவிதி என்பர் பழமை விரும்பிகள். இல்லை, தோழர்களே! அது சட்டவிதி. மனிதன் எழுதியது, எனவே மனிதனால் திருத்தக்கூடியது. திருத்தியும் காட்டினோம். காட்டு மக்களுக்கு இழைக்கப்பட்டது வரலாற்று அநீதி என்று 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. பயிரிட்ட நிலத்துக்கு உரிமை, தேனும் கிழங்கும் எடுக்கும் உரிமை, காட்டைக் காக்கும் உரிமை ஆகியவற்றை ஒரே ஏட்டில் எழுதியது. உரிமைகளை ஆராய்ந்து முடிக்கும்வரை எவரையும் வெளியேற்றாதே என்றது.

ஏட்டுச் சுரைக்காயா இது? ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்ட முனைந்தபோது, கிராம சபைகளைக் கேள் என்று 2013இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. கேட்டனர். பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. மலை பிழைத்தது. ஏழைக்குக் கிடைத்த நீதியே இயற்கைக்கும் காவலாயிற்று!

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. வேண்டியதே. வைகை பிறப்பது வருசநாட்டு மலையில். காடு அழிந்தால் ஆறு வறளும். ஆறு வறண்டால் முதலில் வாடுவது, சொந்தக் கிணறு இல்லாத கூலியின் குடிசை. எனினும், புலிக்கு எல்லை வகுக்கும் கை பளியருக்கு உரிமையையும் எழுதித் தரவேண்டும். ஒன்றை மட்டும் செய்வது அரை நீதி.

1976இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த அடிப்படைக் கடமைகளில், காடு காத்தலும் அறிவியல் மனப்பான்மை வளர்த்தலும் அடுத்தடுத்து நிற்கின்றன. இரண்டையும் ஒரே கேள்வியில் இணைத்துவிட்டான் அந்தச் சிறுவன்.

மறுநாள் அணைப் பாடத்தை மீண்டும் தொடங்கினோம்; இம்முறை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்து. அடுத்த கிராம சபைக்கு அவன் தந்தையோடு நாமும் செல்கிறோம், மனு எழுத. தோழர்களே, உங்கள் ஊர்க் கிராம சபைக்கு நீங்கள் செல்வது எப்போது?