கூட்டினால் மட்டும் போதுமா?



சிக்னல் சின்னதாகிவிட்டதா? கெயினைக் கூட்டு! இந்த நினைப்போடுதான் நானும் இன்பிளான்ட் டிரெயினிங்குக்குப் போனேன். பெரிய எல்.இ.டி. திரைகளுக்கு போர்டு செய்யும் சிறிய தொழிற்கூடம் அது.

எனக்குக் கிடைத்த வேலை, எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டில் இருக்கும் ரீடிரைவர் ஐ.சி.யை செட் செய்வது. 10 மீட்டர் கேபிளில் ஃபுல் எச்.டி. படம் பளிச்சென்று வந்தது. 4கே போட்டாலோ திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள், மின்மினிப் பூச்சி மாதிரி!

காரணம் இதுதான். விநாடிக்கு 60 பிரேம் என்றால், ஃபுல் எச்.டி.க்கு ஒவ்வொரு டேட்டா ஜோடியிலும் 1.485 கிகாபிட் ஓடுகிறது. 4கே-க்கு 5.94 கிகாபிட்! 1, 0, 1, 0 என்று மாறி மாறி வந்தால் அது கிட்டத்தட்ட 3 கிகாஹெர்ட்ஸ் அலை. அந்த வேகத்தில் ஸ்கின் எஃபெக்டால் கரண்ட் கம்பியின் மேல்தோலில் மட்டும்தான் ஓடும். இன்சுலேஷனும் தன் பங்குக்கு விழுங்கும். தாழ்ந்த அலை அதிகம் தேயாமல் வர, உயர்ந்த அலை மெலிந்து வருகிறது. ஒரு பிட்டின் வால் அடுத்த பிட்டின் மேல் படிகிறது. ஆசிலோஸ்கோப்பில் 'கண்' மூடிக்கொள்கிறது.

திருவிழா மைக் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கெயின் என்பது வால்யூம், எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கும். ஈக்வலைசேஷன் என்பது டிரெபிள், மெலிந்துபோன உயர்ந்த அலையை மட்டும் தூக்கும். நமக்குத் தேவை இரண்டாவது.

அந்த ஐ.சி.யில் ஈக்வலைசேஷனுக்கு இரண்டு பின்கள். ஒவ்வொன்றையும் கிரவுண்டுக்கு இழுக்கலாம், சப்ளைக்கு இழுக்கலாம், சும்மாவும் விடலாம். ஆக 9 படிகள். நான் நேராக ஒன்பதாவது படிக்கே போனேன். புள்ளிகள் மாயம்! 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அந்த போர்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனது. வரவேற்பு அன்று சாயங்காலம் போன்: "படமே வரலைங்க!" அங்கே பிளேயர் திரைக்குப் பக்கத்திலேயே இருந்தது. கேபிள் ஒரே ஒரு மீட்டர். தேயாத சிக்னலை நான் எக்கச்சக்கமாகத் தூக்கியதில் கண் மறுபடியும் மூடிவிட்டது. சூப்பர்வைசர் அண்ணன் ஓடிப்போய் ரெசிஸ்டரை மாற்றி வைத்தார். பெண்வீட்டார் திட்டியதையெல்லாம் அவரே வாங்கிக்கொண்டார். "என் தப்புங்க" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் என்னை உட்காரவைத்துச் சொன்னார்: "தம்பி, கேபிள் தின்னதை மட்டும் திருப்பிக் குடு. மேல குடுத்தா நாய்சும் பக்கத்து ஜோடி சிக்னலும் சேர்ந்து ஏறும். கிளாக்கைப் புதுசா எடுத்து பிட்டை மறுபடி அடுக்கறது ரீடைமர் வேலை. ரீடிரைவர் அதைச் செய்யாது."

கெயினை நடுவில் நிறுத்திவிட்டு, ஈக்வலைசேஷனை முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். ஒவ்வொரு படியிலும் அரைமணி நேரம் 4கே படம். 10 மீட்டர் கேபிளுக்கு 4 முதல் 9 வரை சுத்தம். 1 மீட்டருக்கு 1 முதல் 6 வரை. இரண்டுக்கும் பொது 4, 5, 6. நடுவில் இருக்கும் 5-ஐ வைத்தோம். முழுசாக ஒரு நாள் போனது. ஆனால் அதன்பின் போன் வரவில்லை.

நண்பர்களே, லேபில் பக்கத்து பெஞ்சின் ரீடிங்கைப் பார்த்து எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்குகிறோமே, அங்கே தப்பானால் போவது இரண்டு மார்க். வெளியே நம் கையெழுத்தை நம்பி ஒரு கல்யாணம் நடக்கிறது! இப்போதெல்லாம் 'பாஸ்' என்று எழுதுமுன் அந்த ஒரு மீட்டர் கேபிளைத் தேடி எடுத்து மாட்டிப் பார்க்கிறேன்.